ஜெயபாண்டி வெளிநாட்டில் இருக்கிறான்

எழுமலை பேருந்து நிலையத்துக்கு எதிரே பிளக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பெயர் தங்கப்பாண்டி. காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி, கட்சிக்காரர் பிறந்தநாள் என்று எதுவாக இருந்தாலும் எங்கள் பக்கத்தில் ஒரு பேனர் நின்றால்தான் அது நடந்ததாக அர்த்தம். பேனர் இல்லாத கல்யாணம் என்றால் பையனும் பெண்ணும் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார்களா என்று கேட்பார்கள். என் சோறு இந்தப் பழக்கத்தில்தான் இருக்கிறது. அதனால் இதைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனாலும் சொல்லத்தான் போகிறேன், ஏனென்றால் ஜெயபாண்டிக்கு நான் அடித்துக் கொடுத்த பேனர் அப்படி.

ஜெயபாண்டியும் நானும் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு. முறை ஒன்றும் கிடையாது, பழக்கத்தில் மாப்ள என்று கூப்பிட்டுக்கொள்வோம். நான் அதோடு படிப்புக்குக் கும்பிடு போட்டேன். அவன் விடவில்லை. டிகிரி முடித்து, உசிலம்பட்டியில் ஒரு உரக்கடையில் மூன்று வருஷம் வேலை பார்த்து, மறுபடியும் மதுரைக்குப் போய் மண்ணையும் தண்ணீரையும் பற்றி எம்.எஸ்சி. சேர்ந்தான். எதையும் மிச்சம் வைக்க மாட்டான், அதுதான் அவன் குணம். டீ குடித்தால் கிளாஸுக்கு அடியில் நிற்கும் சர்க்கரையைக் கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிடுவான். பக்கத்தில் நிற்கிற எனக்கு மானம் போகும்.

அவன் படித்த கல்லூரிக்கும் எஸ்தோனியா என்ற நாட்டில் இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்துக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. வருஷத்துக்கு இரண்டு பேர் அங்கே போய் ஒரு செமஸ்டர் படித்துவிட்டு வரலாம். போகிற செலவும் தங்குகிற செலவும் அவர்களுடையது. ஜனவரி கடைசியில் போனால் ஜூன் கடைசியில் திரும்பிவிட வேண்டும், விசா அதுவரைக்கும்தான். திரும்பி வந்து இங்கே மிச்சப் படிப்பை முடிக்க வேண்டும். இதை அவன் டீக்கடையில் தினசரியின் ஓரத்தில் படம் போட்டு எனக்கு விளக்கினான். எனக்கே புரிந்தது. அவன் அப்பா விருமாண்டிக்கும் புரிந்தது, அம்மா அன்னக்கொடிக்கும் புரிந்தது. அஞ்சு மாசம்தானே, கண்ணை மூடித் திறந்தால் ஓடிவிடும் என்று அந்த அம்மாவே சொன்னார்.

அப்புறம்தான் விருமாண்டி என் கடைக்கு வந்தார். உறவில்லாவிட்டாலும் சின்ன வயதிலிருந்தே அவரை நான் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவேன்.

மூன்று ஏக்கர் கிணற்றுப் பாசனத்தில் கத்திரியும் வெங்காயமும் போட்டுக் குடும்பத்தை ஓட்டுகிற மனிதர். யாரிடமும் உரக்கப் பேசி நான் பார்த்ததில்லை. பத்துக்கு இருபது அடியில் ஒரு பேனர் வேண்டும் என்றார். நான் எஸ்தோனியாவைத் தேடி எடுத்துக் காட்டினேன். பனியும் ஒரு சர்ச்சும் இலையில்லாத நாலு மரமும் இருந்தன. சித்தப்பா வெகுநேரம் பார்த்துவிட்டு, இது வெளிநாடு மாதிரியே இல்லையே என்று வருத்தப்பட்டார். அவர் முகம் வாடியதைப் பார்க்கச் சகிக்காமல் பாரிஸில் இருக்கும் ஈஃபில் கோபுரத்தைப் போட்டேன். பக்கத்தில் ஒரு விமானம். ஜெயபாண்டியின் தலையை வெட்டி ஒரு கோட்டு சூட்டின் மேல் பொருத்தினேன். கீழே வாழ்த்துவோர் என்று சொந்தபந்தங்கள் நாற்பத்திரண்டு பேருடைய முகங்கள், வரிசையாக. 'கடல் கடந்து கொடி நாட்டச் செல்லும் எங்கள் குலக்கொழுந்து' என்பது என் சொந்தச் சரக்கு.

அச்சுக்குப் போவதற்கு முன் ஜெயபாண்டிக்கு அனுப்பினேன். அவன் சிரித்துவிட்டு, 'ஒரு பருவப் படிப்புக்காக' என்று எங்காவது ஒரு வரி சேர்க்கச் சொன்னான். இடம் இல்லை என்று சொல்லிவிட்டேன். இடம் இருந்தது. விமானத்தின் வாலுக்குப் பக்கத்தில் நல்ல வெற்றிடம். அங்கே இரண்டு புறா வைத்தேன்.

பேனரைப் பார்த்தவர்கள் அவன் வேலைக்குப் போகிறான் என்று நினைத்தார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் பக்கத்திலிருந்து கடல் தாண்டிப் போனவர்கள் எல்லாரும் துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ வேலைக்குப் போனவர்கள். போனால் இரண்டு வருஷத்துக்குக் குறைந்து யாரும் வந்ததில்லை. அதற்கு முன் வந்தவன் ஏஜெண்டிடம் ஏமாந்தவன், இல்லாவிட்டால் போலீஸ் பிடித்து அனுப்பி வைத்தவன். அஞ்சு மாதம் படித்துவிட்டுச் சொன்ன தேதிக்குத் திரும்பி வருவது என்று ஒன்று இருப்பதாகவே யாருக்கும் தெரியாது. சித்தப்பாவிடம் கேட்டவர்களுக்கு அவர், பையன் ஐரோப்பாவில் இருக்கிறான் என்று மட்டும் சொன்னார். அது பொய்யில்லை. திரும்பி வருவான் என்பதைச் சொல்லாமல் விட்டார், அவ்வளவுதான்.

அங்கே ஜெயபாண்டி என்ன செய்துகொண்டிருந்தான் என்பது ஊரிலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். வாரத்துக்கு நாலைந்து தடவை வாய்ஸ் மெசேஜ் வரும். மெஷின் ஓடுகிற இரைச்சலில் பாதி கேட்பேன், பாதி விடுவேன். நூற்றைம்பது நாள், ஒரு நாளைக்கூட வீணாக்க மாட்டேன் என்று போன முதல் வாரமே சொன்னான். அந்தப் பாஷையில் இருநூறு வார்த்தை படித்துவிட்டான். காய்கறிச் சந்தையில் கிழவிகளிடம் பேசிப் பார்த்தானாம், அவர்கள் உருளைக்கிழங்கைக் கூடுதலாக அள்ளிப் போட்டார்களாம். மாணவர்கள் பாட்டுக் குழுவில் சேர்ந்து பின்வரிசையில் நின்று வாயசைத்தான். உறைந்த ஆற்றோரம் வழுக்கி விழுந்து முழங்கை வீங்கியதையும் பெருமையாகத்தான் சொன்னான். ஒரு சனிக்கிழமை நாற்பது பேருக்குச் சாம்பார் வைத்தான், புளிக்குப் பதில் எலுமிச்சம்பழம்.

அவனை அங்கே கட்டிப்போட்டது சதுப்பு நிலம். மேலே பாசி, கீழே இரண்டு மூன்று ஆள் உயரத்துக்கு மக்கிய மண். காலில் பலகை மாதிரி ஒன்றைக் கட்டிக்கொண்டு நடக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் முழங்கால் வரை உள்ளே போகும். ஒரு பேராசிரியை அம்மா வாரம் தவறாமல் அங்கே போய்த் தண்ணீர் மட்டம் அளப்பார். பாடத்தில் இல்லாவிட்டாலும் இவன் வியாழக்கிழமைதோறும் அந்த அம்மாவுக்குப் பின்னால் போனான். ஒரு நாள் அவர், உனக்கு இது எதற்கு என்று கேட்டிருக்கிறார். இவன் எழுமலைக் கண்மாயைப் பற்றிச் சொல்லியிருக்கிறான். எவ்வளவு வண்டல் சேர்ந்திருக்கிறது, எந்தக் காலத்தில் சேர்ந்தது, ஏன் தண்ணீர் நிற்பதில்லை என்று யாரும் பார்த்ததே இல்லை என்று. அந்த அம்மா வரைபடம் போட்டுக் கொடுத்துவிட்டார். ஊருக்குப் போனதும், மழைக்கு முன்னால், கண்மாய் காய்ந்து கிடக்கும்போது ஐந்து இடத்தில் துளை போட்டு அடுக்கு அடுக்காக மண் எடு, அந்தக் கணக்கு சரியாக வந்தால் நாம் இரண்டு பேரும் சேர்ந்து எழுதலாம், அதை வைத்து நீ இங்கேயே ஆராய்ச்சிக்கு விண்ணப்பிக்கலாம் என்றாராம். அன்றைக்கு வந்த மெசேஜ் பதினோரு நிமிஷம். அதை மட்டும் நான் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான். ஊருக்கு வர வேண்டும், கண்மாய்க்குள் இறங்க வேண்டும்.

சித்திரையில் அவன் தங்கை திவ்யாவைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன் பெயர் சூர்யபிரகாஷ், தூத்துக்குடியில் கப்பல் சரக்கு ஏற்றி இறக்கும் கம்பெனியில் வேலை. திவ்யாவுக்கு அதற்கு முன் இரண்டு இடம் கூடி வந்து கலைந்திருந்தது. இரண்டாவது தடவை அந்தப் பெண் பத்து நாள் யாருடனும் பேசவில்லை. இந்தப் பையன் வீட்டார் பேருந்திலிருந்து இறங்கியதும் முதலில் பார்த்தது என் பேனரைத்தான், இன்னும் கழற்றியிருக்கவில்லை. காப்பி குடித்துக்கொண்டே பையனின் அப்பா, அண்ணன்காரர் எப்போது வருவார் என்று கேட்டார். சித்தப்பா, லீவு கிடைக்கும்போது வருவான் என்றார். அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. வைகாசியில் நிச்சயம் முடிந்தது, ஆவணியில் கல்யாணம்.

ஜெயபாண்டிக்கு விஷயம் தெரிந்ததும் உடனே உண்மையைச் சொல்லிவிடச் சொன்னான். படித்துவிட்டு வருவதில் என்ன கேவலம் இருக்கிறது என்று கேட்டான். சித்தப்பா, இரண்டு மூன்று மாதம் அங்கேயே எங்காவது இருந்துவிட்டு வர முடியாதா, விசா முடிந்தும் எத்தனை பேர் துபாயில் இருந்திருக்கிறார்கள் என்று கெஞ்சினார். அவன் முடியாது என்றான். அப்படி இருந்தால் சட்டப்படி குற்றம், கல்லூரியின் ஏற்பாடும் கெட்டுப்போகும், தனக்குப் பின்னால் வருகிற பிள்ளைகள் யாரும் போக முடியாது என்றான். அவன் சொன்னதெல்லாம் சரி. அவர் அழுததும் பொய்யில்லை. நடுவில் நின்று போனைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான்.

ஜூன் இருபத்தெட்டாம் தேதி மத்தியானம் மதுரை விமான நிலையத்துக்குக் காரை எடுத்துக்கொண்டு போனேன். சித்தப்பாவும் வந்தார். ஆனால் காரை விட்டு இறங்கவில்லை, துண்டைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு பின்சீட்டில் குனிந்து உட்கார்ந்திருந்தார். ஜெயபாண்டி பெட்டி வைத்த வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தவன் என்னைப் பார்த்ததும் ஓடி வந்து இடுப்பைப் பிடித்துத் தூக்கிவிட்டான். நேராக வீட்டுக்கு விடு, அம்மா கையால் சாப்பிட வேண்டும் என்றான். நான் பின்கதவைத் திறந்துவிட்டேன்.

"ரெண்டு மாசம்ப்பா," என்றார் சித்தப்பா. "தாலி ஏறுற வரைக்கும். மருதையிலயே இருந்துக்க."

"நான் என்னப்பா தப்புப் பண்ணேன்? சொன்ன தேதிக்குத்தான வந்திருக்கேன்."

"தப்புப் பண்ணலப்பா. தப்புப் பண்ணியிருந்தா நாலு திட்டு திட்டிட்டுக் கூட்டிட்டுப் போயிருவேன்."

அன்னக்கொடி அம்மா தூக்குவாளியில் கறிக்குழம்பும் இட்டிலியும் கொடுத்து அனுப்பியிருந்தார். அவனியாபுரம் தாண்டி ஒரு வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தினோம். ஜெயபாண்டி வழக்கம்போல வாளியை வழித்துச் சாப்பிட்டான். சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் அப்பாவும் மகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. தல்லாகுளத்தில் ஒரு மாடி அறையை நான் ஏற்கெனவே பேசி வைத்திருந்தேன். அங்கே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தோம்.

எனக்கு அன்றைக்கே கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. பேனரில் முகம் போட்ட நாற்பத்திரண்டு பேரில் ஒவ்வொருவரும் அவனை ஆளுக்கொரு நாட்டில் ஆளுக்கொரு வேலையில் வைத்திருந்தார்கள். ஒருவர் கம்ப்யூட்டர் கம்பெனி என்றார், இன்னொருவர் கப்பல் என்றார். அவர்களில் யாராவது ஒருவரைப் பிடித்து உண்மையைச் சொல்லலாம் என்று இரண்டு முறை வாயைத் திறந்தேன். திவ்யா ஜாக்கெட் தைக்கக் கொடுத்துவிட்டு என் கடை வழியாகத்தான் போவாள். அவளைப் பார்த்ததும் வாய் தானாக மூடிக்கொண்டது.

அவன் அந்த அறையிலிருந்து கல்லூரிக்குப் போவான், வருவான். மதுரையில் எங்கள் ஊர்க்காரர்கள் இல்லாத தெரு கிடையாது. கோர்ட்டுக்கு ஒருவர், ஆஸ்பத்திரிக்கு ஒருவர் என்று தினமும் யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். அதனால் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு நடந்தே போவான். வண்டி இல்லாமல் ஹெல்மெட் போட்டு நடக்கிற ஒரே மனிதன் தல்லாகுளத்தில் அவனாகத்தான் இருப்பான். நான் இதைச் சொல்லிச் சிரித்தேன். அவனும் சிரித்தான். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, அங்கே இருந்தபோது தெருவில் போகிறவர்கள் முகத்துக்கெல்லாம் வணக்கம் சொல்வேன் மாப்ள என்றான்.

ஆடி பிறந்தது. எழுமலைக் கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஐப்பசியில் மழை இறங்கிவிட்டால் அவ்வளவுதான். அதற்குள் கல்யாணமாவது முடிந்தால் போதும், ஆவணிக் கடைசியில் இறங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தான். நான் பொறுக்க மாட்டாமல், நீ போனில் சொல், நான் துளை போட்டு மண் எடுக்கிறேன் என்றேன். அவன் சொன்ன அளவில் இரும்புக் குழாய் ஒன்றை வெல்டிங் பட்டறையில் செய்து வாங்கினேன். ஒரு காலையில் போய் முதல் துளையைப் போட்டு, இரண்டாவதில் பாதி இறங்குவதற்குள் கண்மாய்த் தண்ணீர் பாயும் வயல்காரர்களான ஆயக்கட்டுக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். மண் திருடுகிறேன் என்று ஒருவர், புதையல் எடுக்கிறேன் என்று ஒருவர். யாருக்காக என்று கேட்டார்கள். யாருக்காக என்று சொல்வேன்? பைகளைப் பிடுங்கி உதறினார்கள். மேல் மண்ணும் அடி மண்ணும் ஒன்றாகக் கலந்து போனது. கிடைத்ததை அள்ளிக்கொண்டு தல்லாகுளம் போனேன். ஜெயபாண்டி ஒவ்வொரு பையாகப் பிரித்து முகர்ந்து பார்த்துவிட்டு, பரவாயில்லை மாப்ள என்றான். அந்தப் பரவாயில்லைக்கு அவன் என்னை அடித்திருக்கலாம்.

கல்யாணம் உசிலம்பட்டியில், ஆவணி இரண்டாவது முகூர்த்தத்தில். எங்கள் பக்கத்தில் பெண்ணின் கூடப்பிறந்தவன் மாப்பிள்ளைக்கு மாலை போட்டு மோதிரம் போட்டால்தான் அவர் மணமேடை ஏறுவார். ஜெயபாண்டிக்குப் பதில் அவன் பெரியப்பா மகன் ஒருவன் போடுவதாக ஏற்பாடு. அதோடு விட்டிருக்கலாம். பையன் வீட்டார் எல்.இ.டி. திரை வைத்திருந்தார்கள். வெளிநாட்டு மச்சானை வீடியோ காலில் திரையில் காட்ட வேண்டும் என்று சூர்யபிரகாஷே ஆசைப்பட்டான். நல்ல மனசோடுதான் ஆசைப்பட்டான், அதையும் சொல்லியாக வேண்டும்.

காலை ஒன்பது மணிக்கு மண்டபத்தில் ஆயிரம் பேர். திரையில் ஜெயபாண்டி தெரிந்தான். பின்னால் வெள்ளைச் சுவர். எஸ்தோனியாப் பனியில் போட்ட தடித்த ஜாக்கெட்டைக் கழுத்து வரை இழுத்து மாட்டியிருந்தான். தல்லாகுளம் தெருவில் போகும் பஸ் ஹாரன் கேட்டுவிடக் கூடாதென்று ஜன்னலை அடைத்து, சத்தத்துக்குப் பயந்து மின்விசிறியையும் நிறுத்தியிருப்பான் என்று எனக்குத் தெரியும். நெற்றியிலிருந்து வியர்வை வழிந்துகொண்டே இருந்தது. அங்கே ஹீட்டர் போட்டுவிடுவார்கள், உள்ளே இருந்தால் வேர்க்கும் என்று எனக்குப் பக்கத்தில் இருந்தவர் அடுத்தவருக்கு விளக்கினார். மாப்பிள்ளை கையசைத்தான். ஜெயபாண்டி கையெடுத்துக் கும்பிட்டான். நாதஸ்வரக்காரர் வேகமாக ஊதத் தொடங்கியதும் எல்லோரும் திரையை விட்டு மேடைக்குத் திரும்பிவிட்டார்கள். இணைப்பைத் துண்டிக்கச் சொல்லி யாருக்கும் தோன்றவில்லை. திவ்யா கழுத்தில் தாலி ஏறியபோது அவ்வளவு பெரிய திரையில் அவன் அழுதுகொண்டிருந்தான். அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது நானும் அன்னக்கொடி அம்மாவும் மட்டும்தான். அந்த அம்மா மகனைப் பார்ப்பதா மகளைப் பார்ப்பதா என்று தெரியாமல் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

சரி, முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. மறுவீட்டுக்கு வந்த சூர்யபிரகாஷ் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மாமனாரிடம் ஒரு விஷயம் சொன்னான். பாஸ்போர்ட் எடுத்துவிட்டானாம். தூத்துக்குடிச் சம்பளம் பத்தவில்லை, ஒரு வருஷத்துக்குள் மச்சான் இருக்கும் இடத்துக்கே போய்விட வேண்டும், திவ்யாவையும் அப்புறம் கூட்டிக்கொள்ளலாம் என்று இருக்கிறான். இதை நினைத்துத்தான் இந்தச் சம்பந்தத்துக்குத் தன் வீட்டில் அடம்பிடித்து ஒத்துக்கொள்ள வைத்ததாகவும் சொன்னான். சித்தப்பா இலையிலிருந்து கையை எடுத்துவிட்டார். அன்றைக்குச் சாயந்திரம் என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். மாமியார் வீட்டில் திவ்யா வேர்பிடிக்கட்டும், ஒரு பிள்ளை பிறக்கட்டும், இப்போது ஊருக்கு வர வேண்டாம் என்று ஜெயபாண்டியிடம் நான்தான் சொல்ல வேண்டுமாம். அவரால் சொல்ல முடியாதாம்.

நான் போனில் சொன்னேன். அவன் கேட்டான், திவ்யாவும் மாப்பிள்ளையும் தூத்துக்குடிக்கு எந்தப் பஸ்ஸில் போகிறார்கள் என்று. நாளைக்கு மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் பதினொரு மணிக்கு, நான்தான் காரில் கொண்டுவந்து விடுகிறேன் என்றேன்.

"நான் வாரேன்," என்றான். "மாப்பிள்ளை முன்னாடி நின்னு நானே சொல்லிர்றேன். அடிச்சாலும் வாங்கிக்கிறேன். எனக்கு ஊருக்குள்ள வரணும் மாப்ள."

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு நிம்மதியாக இருந்தது.

மறுநாள் காலை தூத்துக்குடி பஸ்கள் நிற்கும் இடத்தில் பெட்டிகளை இறக்கி வைத்தேன். சூர்யபிரகாஷ் பக்கத்துக் கடையில் தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டிருந்தான். திவ்யா புதுப்பெண் பட்டுச்சேலையில் ஓரமாக நின்றாள். இருபதடி தள்ளி ஒரு தூணுக்குப் பக்கத்தில் ஜெயபாண்டி நின்றிருந்தான். ஹெல்மெட் இல்லை. தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டி, சட்டை தோளில் தொங்கியது. அவன் ஓரடி முன்னால் வந்தான். திவ்யா அவனைப் பார்த்துவிட்டாள்.

அவன் தல்லாகுளத்தில் இருப்பது அவளுக்குத் தெரியும், ஆனால் ஜனவரியில் வழியனுப்பியதற்குப் பிறகு அவள் அண்ணனை நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஏழு மாசம். முகம் மலர்ந்தது, அடுத்த நொடி வெளிறிப்போனது. புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் பாட்டிலோடு வந்துகொண்டிருந்தான். ஜெயபாண்டி இரண்டாவது அடி எடுத்து வைத்தான். திவ்யா கைப்பையிலிருந்து போனை எடுத்து அவசரமாக எண்ணை அழுத்தினாள். தூணுக்குப் பக்கத்தில் அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. அவன் நின்றுவிட்டான். அவள் கண் அவனை விட்டு நகரவில்லை, தலையை மட்டும் லேசாக இப்படியும் அப்படியும் ஆட்டினாள்.

அவன் போனை எடுத்துக் காதில் வைத்தான்.

"அண்ணே, ஊருக்குக் கெளம்பிட்டோம்ணே," என்றாள். "பஸ் ஸ்டாண்டுல நிக்கிறோம்."

யார், மச்சானா என்று கேட்டு சூர்யபிரகாஷ் தூணுக்கு முதுகைக் காட்டி நின்றபடி சந்தோஷமாகப் போனை வாங்கிக்கொண்டான். நலம் விசாரித்தான். பாஸ்போர்ட் வந்துவிட்டதைச் சொன்னான், என்னென்ன சர்டிபிகேட் வேண்டும் என்று கேட்டான். ஜெயபாண்டியின் உதடு அசைவது எனக்குத் தெரிந்தது. சொல்லிவிடுவான் என்று நினைத்தேன், சொல்லட்டும் என்றும் நினைத்தேன். அப்போது தூத்துக்குடி, தூத்துக்குடி என்று கண்டக்டர் கத்தினார். சூர்யபிரகாஷ் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் வைத்தான். கண்டக்டர் சத்தம் போனுக்குள்ளும் கேட்கிறதே என்றான். திவ்யா சட்டென்று அதை வாங்கிக்கொண்டாள். வெளிநாட்டு லைனில் நம் சத்தமே நமக்குத் திரும்பி வரும் என்றாள். நானும் ஆமாம் ஆமாம் என்றேன். அந்த ஆமாமை நான் சாகும் வரை மறக்க மாட்டேன்.

அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டாள்.

"சாப்பிட்டியாண்ணே?" என்றாள். "ஏண்ணே இம்புட்டு மெலிஞ்சு போயிட்ட?"

சூர்யபிரகாஷ் சிரித்தான். பார்க்காமலேயே மெலிந்தது எப்படித் தெரிகிறது என்று கேட்டான்.

"கொரல்லயே தெரியுது," என்றாள்.

பெட்டிகளை நான் மேலே ஏற்றிக் கொடுத்தேன். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். போன் காதிலேயே இருந்தது. பஸ் பின்னால் நகர்ந்து, திரும்பி, ஜெயபாண்டி நின்ற தூணை ஒட்டித்தான் போனது. எட்டினால் கை படும் தூரம். அவள் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனும் தலையைக் குனிந்துகொண்டான்.

நான் அவன் பக்கத்தில் போய் நின்றேன். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, பேசாதே என்று எனக்குக் கைகாட்டினான். அவள் இணைப்பைத் துண்டிக்கவில்லை. பஸ் இரைச்சல் கேட்கிறது, மாப்பிள்ளை டிக்கெட் எடுக்கிறார், ரிங் ரோட்டுக்கு வந்துவிட்டார்கள் போல என்று ஒவ்வொன்றாக எனக்குச் சொன்னான். அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை, இவனும் பேசவில்லை. அடுத்த தூத்துக்குடி பஸ் வந்து நின்றது. ஆட்கள் இடித்துக்கொண்டு ஏறினார்கள். முக்கால் மணி நேரம் கழித்து லைன் தானாக விட்டுப்போனது. அதற்குப் பிறகும் அவன் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.